கடன்: கேபிள் ஒன்று

பெட்ரோல் டேங்கின் மேல் வாக்குப்பெட்டி.
ரப்பர் பட்டையால் கட்டி
வயிற்றோடு அணைத்து ஓட்டுகிறேன்.
எனக்குப் பின்னால் செர்மா, ஒரு கட்சி.
அவளுக்கும் பின்னால் தவாசம்பூ, மறு கட்சி.
இருவர் கண்ணும் பெட்டியை விட்டு அகலக்கூடாது,
விதி.
ஆகவே என் இடது தோளில் ஒரு முகவாய்,
வலது தோளுக்கு மேல் ஒரு தொப்பி.

ஹோவ்த் நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர்.
சாவடிக்கு வர முடியாத ஐந்து பேர்,
ஐந்து கூடாரம்,
மிச்சமெல்லாம் புல், காற்று.

இரண்டாவது கூடாரத்து வாசலில் தொடங்கியது.
லிவரைக் கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்தும்
கட்டிய நாயைப் போல் வண்டி முன்னால் இழுக்கிறது.
நியூட்ரலுக்கு மிதிக்கிறேன்:
ஒன்று. இரண்டு. மறுபடி ஒன்று.
நடுவே ஓர் அரை மிதி இருக்குமே,
அதைக் காணோம்.
"தேர்தல் அதிகாரிக்கே நியூட்ரல் விழவில்லை" என்றாள் செர்மா.
தவாசம்பூ சிரித்தான்.
காலையிலிருந்து அவள் பேச்சுக்கு
அவன் சிரித்தது அப்போதுதான்.

கேபிள் தொய்ந்துவிட்டது என்று
ஸ்பானர் எடுத்துத் திருகினான்.
பச்சை விளக்கு எரிந்தது.
மூன்றாவது கூடாரம் மேட்டுக்கு அப்பால்.
பாதி மேட்டில் எஞ்சின் அலறுகிறது,
சக்கரத்துக்குக் காது கேட்கவில்லை.
"இப்படி முறுக்கினால் தட்டு எங்கே கவ்வும்?
லிவரில் ஒரு தீக்குச்சித் தடிமனாவது
விளையாட்டு வேண்டாமா?"
செர்மா தளர்த்தினாள்.
மேடு ஏறிற்று வண்டி.
உச்சியில் நியூட்ரல் மறுபடி இல்லை.

அவன் இறுக்க, அவள் தளர்த்த,
பெட்டியைத் தழுவியபடி நான்.
பக்கம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன்.
அறுந்த இழைகள் முள்ளாய் நிமிர்ந்து
குழாய்க்குள் குத்திக்கொண்டு,
போகவும் விடாமல் வரவும் விடாமல்.
இரண்டே இழை மிச்சம்.
இருவரும் குனிந்து பார்த்தார்கள்.
ஒருமுறை, ஒரே ஒருமுறை, லிவரை இழுத்தேன்.
அந்த இரண்டும் போயிற்று.

பிறகு இப்படித்தான்:
எஞ்சினை அணைத்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால்
நியூட்ரல் அசட்டுத்தனமாய்த் தானே வந்து விழும்.
உதைத்துக் கிளப்பி, இருவரும் தள்ளி,
ஓட்டம் சூடு பிடிக்கையில் ஒன்றை மிதிப்பேன்.
டக்கென்று குலுங்கி எடுக்கும்.
பெட்டியும் நானும் தனியாகப் போவோம்.
"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்!"
கத்தியபடி ஓடி வருவார்கள்,
ஒவ்வொருவராய்த் தாவி ஏறுவார்கள்.
இரண்டாம் கியருக்கு,
திராட்டிலைக் கண்ணிமைப்பு நேரம் விட்டு
கால்விரலால் தூக்கினால்
பல்லைத் தேடிப் பல் போய்ச் சேரும்.
சில சமயம் சேராது.
அந்த அரைப்புச் சத்தத்துக்கு
மூவரும் தோளைச் சுருக்கிக்கொண்டோம்.

கடைசிக் கூடாரம் உர்ஜினுடையது.
காலில் மாவுக்கட்டு, கட்டிலில் கிடக்கிறான்.
திரைமறைவில் குறியிட்டு மடித்துப் போட்டான்.
"கிளட்ச் இல்லாமலா வந்தீர்கள்? சத்தம் கேட்டது.
வெளியே என் வண்டி சும்மாதான் நிற்கிறது.
கேபிளைக் கழற்றிக்கொள்."

வாக்காளரிடம் அன்பளிப்பு கூடாது என்றாள் செர்மா.
இது அன்பளிப்பா, இரவலா என்றான் தவாசம்பூ.
கால் மணி நேரம் வாதம்.
உர்ஜின் தூங்கிவிட்டான்.
முடிவில் குறிப்பேட்டில் எழுதினேன்:
"கடன், கேபிள் ஒன்று,
வியாழனுக்குள் திருப்பித் தரப்படும்."
இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வெளியே மாட்டினேன்.
லிவர் இடுக்கில் தீக்குச்சி வைத்து அளந்தேன்.
பச்சை விளக்கு.

தீக்குச்சி யாருடையது என்பதை மட்டும்
குறிப்பில் சேர்க்கவில்லை.